காவிரி குடிக்கும் வண்டி

அழகிரியின் வண்டியில் குளிருக்கும் சூட்டுக்கும் சேர்த்து ஒரு குமிழ் இருந்தது. நீலப் பக்கத்துச் சாயம் பல வருஷ விரல் பட்டுத் தேய்ந்து வெளுத்துவிட்டது. சிவப்புப் பக்கம் மட்டும் பீரோவில் பூட்டிவைத்த சீர்த்தட்டு போலக் கை படாமல் இருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மாசி கழிந்தால் ஐப்பசி வரை வானமே அடுப்பாக இருக்கிற ஊர் இது. இங்கே காருக்குள் சூடு வைக்கிறவனை வீட்டார் வைத்தியரிடம்தான் அழைத்துப் போவார்கள்.

தன்னைத் தெரியாதவர் ஸ்ரீரங்கத்தில் இருக்க முடியாது, இருந்தால் அவர் வெளியூர்க்காரர் என்பது அழகிரியின் நம்பிக்கை. ஜீயபுரத்தில் வாழைத்தோப்பு, மேலூர் ரோட்டில் மாடி வீடு, இவற்றுக்கெல்லாம் மேலாக 'காவிரித் தாய் பக்தர் பேரவை'யின் தலைவர் பதவி. பேரவையை ஆரம்பித்தவர் அவர். தலைவரை முன்மொழிந்தவரும் அவர். வழிமொழிய ஆள் வேண்டுமே என்றுதான் மற்ற உறுப்பினர்களைச் சேர்த்தார். வண்டியின் முன்கண்ணாடியில் சாலை தெரிவதற்கு விட்ட இடம் போக மீதியில் 'தலைவர்' என்று ஒட்டியிருந்தது.

பேரவையின் பெரிய பணி ஆடிப்பெருக்கு. அன்று அம்மா மண்டபத்துப் படித்துறையில் பெண்கள் மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி வைத்துக் கும்பிட்டு ஆற்றில் விடுவார்கள். அவர்கள் விட்டு முடித்த அதே படியில் அழகிரி பட்டு வேட்டியோடு இறங்கி, புதுத் தண்ணீரைப் பித்தளைக் குடத்தில் மொண்டு வருவார். செம்மண் கரைத்த மாதிரி இருக்கும் அந்தத் தண்ணீர். நாதஸ்வரம் முழங்க, ஒருவர் குடை பிடிக்க, வண்டியின் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குள் ஊற்றுவார். வருஷா வருஷம் வீடியோவும் உண்டு. வீடியோவில் குடத்தைவிட அவர் முகம் பெரிதாகத் தெரியும்.

"என் வண்டி காவிரியத் தவிர வேற தண்ணி குடிச்சதில்லை" என்பார். ரேடியேட்டருக்கென்று கடையில் விற்கும் கூலன்ட் என்று யாராவது வாயைத் திறந்தால், "பச்சைச் சாயத்தக் கொண்டாந்து ஊத்தச் சொல்றியா? என் வண்டி என்ன சாயப்பட்டறையா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

அவருடைய மகள் வைஷ்ணவி பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்கு வேணி என்று பெயர். எடை குறைவாகப் பிறந்தது. முதல் மாதமே சளி பிடித்து, மூச்சு இளைத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டது. குளிர்காற்று படவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். மூன்றாம் மாதம் குழந்தையைத் தகப்பன் வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். தகப்பன் பிரதீப் குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவன். கார்த்திகை முடிவதற்குள் போய்விட வேண்டும். மார்கழி பிறந்துவிட்டால் கொண்டு விடுகிற வழக்கம் இல்லை, தை வரை காத்திருக்கணும்.

காத்திருக்க வைஷ்ணவிக்கு மனசில்லை. அழகிரி தினமும் யாரையாவது பேத்தியைப் பார்க்க அழைத்து வந்தார். வட்டச் செயலாளர், பூ மார்க்கெட் கமிஷன் கடைக்காரர், பொன்னாடை விற்கிறவர். ஒவ்வொருவரும் குழந்தையை மடியில் வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு, முகத்துக்கு நேராகத் தும்மிவிட்டுப் போனார்கள். இன்னொரு மாதம் இந்த வீட்டில் இருந்தால் குழந்தை மறுபடி ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் பிரதீப் போன் செய்தான்.

"மாமா, மேட்டுப்பாளையம் தாண்டினா ஒரே மழையும் பனியுமா இருக்கு. வண்டில ஹீட்டர் வேலை செய்யுதான்னு ஒரு தடவை பாத்துடுங்க. இல்லைன்னா நானே வந்து கூட்டிட்டு வரேன்."

"மாப்ள, பொண்ணையும் புள்ளையையும் கொண்டாந்து விடறது பொறந்த வீட்டு மரியாதை. நீங்க வந்து கூட்டிட்டுப் போனா ஊரு என்ன பேசும்? அழகிரிக்கு வண்டி இல்லைன்னு பேசாது? என் வண்டில எது வேலை செய்யாம இருக்கு? நீங்க ஆரத்தித் தட்டோட வாசல்ல நில்லுங்க, போதும்."

போனை வைத்துவிட்டு அவர் தூறலில் கொள்ளிடம் பாலம் வரை வண்டியை ஓட்டிப்போனார். வாழ்க்கையில் முதல்முறையாகக் குமிழைச் சிவப்புக்குத் திருப்பினார். காற்று வந்தது. சமயபுரம் பாதயாத்திரைக்காரர்களுக்கு ஊற்றுகிற நீர்மோர் மாதிரி ஜில்லென்று வந்தது.

மறுநாள் காலை வீட்டு வாசலில் நிபுணர் குழு கூடியது.

முதல் நிபுணர் இருதயநாதன். அழகிரியோடு படித்தவர், கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். பாய்லர் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "சூடுங்கறது நம்ம சப்ஜெக்ட்" என்பார். வேலை பார்த்தது அங்கே கேன்டீன் பிரிவில் என்பதையும், அவர் கை பட்ட ஒரே பாய்லர் டீ பாய்லர் என்பதையும் பேச்சில் சேர்க்கமாட்டார். இரண்டாம் நிபுணர் பால்பண்ணைப் பகுதியில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் ஸ்டீபன்ராஜ். எந்த வண்டி வந்தாலும் சத்தத்தைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். கண் திறக்கும்போது 'கேபிள்' என்பான்.

இருதயநாதன் பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தலை போனது, வயிறு பம்பரோடு நின்றுவிட்டது.

"ஹீட்டுங்கறது என்ன, அழகிரி? அது ஒரு தத்துவம்."

"சொல்லு."

"அது மேல போகும். அதோட குணம் அது. உன் வண்டில காத்து வர்ற ஓட்டை எங்க இருக்கு? கால்கிட்ட. எப்படிய்யா சூடு கீழ வரும்?"

"சார், எல்லா வண்டிலயும் அங்கதான் சார் இருக்கு" என்றான் ஸ்டீபன்ராஜ்.

"அதான் எல்லா வண்டிலயும் கோளாறு."

அழகிரி ஆமோதித்துத் தலையாட்டினார். தனக்குப் புரியாததை அவர் எப்போதுமே உடனடியாக ஆமோதித்துவிடுவார்.

ஸ்டீபன்ராஜ் கண்ணை மூடினான், திறந்தான். "கேபிள், தலைவரே. குமிழ்லேர்ந்து உள்ள போற கேபிள் லூசு. அதோட தெர்மோஸ்டாட் வேற இல்ல."

"அது எங்க போச்சு?"

"நான்தான் கழட்டிட்டேன். மூணு கோடைக்கு முன்னாடி வண்டி கொதிக்குதுன்னு நடுரோட்டுல நின்னு சத்தம் போட்டீங்களே. இஞ்சின் சூடேறுற வரைக்கும் தண்ணிய மறிச்சு வைக்கிற சாமான் அது. நம்மூர்ல சூடேத்தறதுக்குச் சாமான் எதுக்கு? வெயிலே பாத்துக்கும். இந்த ஊர்ல ஓடற பாதி வண்டில நான் கழட்டி வெச்சிருக்கேன்."

"பாத்தியா நாதா, பையன் யோசிச்சுருக்கான்" என்றார் அழகிரி பெருமையாக.

டீ கொண்டு வந்த வேலம்மாள், அழகிரியின் மனைவி, தட்டை நீட்டியபடியே கேட்டாள். "அப்ப ஏன் கொதிச்சுதுன்னு யாராவது பாத்தீங்களா?"

மூவரும் டீயை எடுத்துக்கொண்டார்கள். இருதயநாதன் மட்டும், "சக்கரை கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா" என்றார்.

இரண்டு நாள் வேலை நடந்தது. ஸ்டீபன்ராஜ் தெர்மோஸ்டாட் வாங்கிப் போட்டான். கேபிளை மாற்றினான். டேஷ்போர்டைப் பிரித்துத் தெருவில் பரப்பினான். எதிர்வீட்டு ஜென்சி கோலம் போட இடமில்லாமல் நின்று பார்த்துவிட்டு, "என்னக்கா, வண்டிக்குப் போஸ்ட்மார்ட்டமா?" என்று வேலம்மாளிடம் கேட்டுவிட்டுப் போனாள். மதியம் நிபுணர்களுக்கு இலை போட்டார்கள். மணத்தக்காளி வத்தக்குழம்பு, வாழைத்தண்டுப் பொரியல், சுட்ட அப்பளம். கார்த்திகைப் பொரி உருண்டையும் மிச்சம் இருந்தது. அதைக் கடிக்க முடியாமல் இருதயநாதன் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, நீராவியைப் பற்றிப் பேசினார். பேச்சு யாருக்கும் புரியவில்லை. அதனால் அதில் ஆழம் இருப்பதாகத் தோன்றியது.

இரண்டாம் நாள் மழை விட்டு, அடக்கி வைத்திருந்த வெயில் சுள்ளென்று அடித்தது. வண்டி காலையிலிருந்து தெருவில் நிழலில்லாமல் நின்றது. சாப்பாடு முடிந்த கையோடு மூவரும் ஏறி, கண்ணாடிகளை ஏற்றி, இஞ்சினை ஓடவிட்டு, குமிழைச் சிவப்பின் கடைசிக்குத் திருப்பினார்கள்.

"வருதா?"

"வருது."

"சூடா?"

"அனலா வருது தலைவரே!"

"நாதா, உனக்கு?"

இருதயநாதன் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெற்றியிலிருந்து வழிந்த வியர்வை மீசையில் நின்று சொட்டியது. "இதத்தான்... நான் அன்னிக்கே சொன்னேன்... தத்துவம்..."

கதவு திறந்தபோது மூவரும் இட்லிப் பானையிலிருந்து எடுத்தவர்களாக இறங்கினார்கள். அழகிரி உள்ளே போய்ப் பீரோவிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்துவந்து ஸ்டீபன்ராஜுக்குப் போர்த்தினார். அவருக்கு யாரோ போர்த்தியதுதான். வீட்டில் அந்தச் சரக்கு நிறைய இருந்தது. போட்டோ எடுத்து, 'குன்னூர் குளிரை வென்ற ஸ்ரீரங்கம்' என்று ஸ்டேட்டஸ் போட்டார்.

வாசலில் குழந்தையோடு நின்ற வைஷ்ணவி கேட்டாள். "அப்பா, காலைலேர்ந்து வெயில்ல நின்ன வண்டி. ஹீட்டர் போடலைன்னாலும் உள்ள அப்படித்தானே இருக்கும்?"

"மூணு பேரு உள்ள உக்காந்து வெந்திருக்கோம். நீ வெளில நின்னுட்டுக் குறை சொல்ற."

"இல்லப்பா, வெளிக்காத்தே..."

"எல்லாத்துலயும் சந்தேகப்படறதுதான் இப்ப படிப்பா?"

அவள் உள்ளே போனாள். மறுநாள் விடியும் முன்பே குழந்தை பாலுக்கு எழுந்தது. பால் கொடுத்துத் தூங்கவைத்தபின், சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். தெருவில் பனி இறங்கியிருந்தது. வண்டிக் கூரையிலிருந்து ஈரம் சொட்டியது. இஞ்சினை வெகுநேரம் ஓடவிட்டு, சூடு காட்டும் முள் நடுவுக்கு ஏறியதும் குமிழைச் சிவப்புக்குத் திருப்பிக் கையை நீட்டினாள். குழாய்த் தண்ணீரில் கை வைத்த மாதிரி இருந்தது. குழந்தையின் துண்டை ஓட்டையின் மேல் பிடித்துப் பார்த்தாள். துண்டு சில்லிட்டது.

காபி குடிக்கும்போது அப்பாவிடம் சொன்னாள்.

"விடியக்கால காத்து அப்படித்தாம்மா இருக்கும்" என்றார் அவர்.

"விடியக்காலைலதானேப்பா கிளம்பறோம்."

"பேரவை ஆளுங்க குளிச்சு முடிச்சு வழியனுப்ப வராங்க. அதுக்கு அந்த நேரம்தான் தோது. பன்னெண்டு மணிக்கு எவன் வந்து நிப்பான்?"

"பாப்பாவுக்கு மறுபடி இளைப்பு வந்தா?"

"சால்வை இருக்கு. எத்தனை வேணும்?"

வைஷ்ணவி மாடிக்குப் போய்ப் பிரதீப்புக்குப் போன் செய்தாள். அவன் முழுக்கக் கேட்டுவிட்டு, "இஞ்சின் சுடுதண்ணி ஹீட்டருக்குப் போயி வர்ற ரப்பர் குழா ரெண்டையும் தொட்டுப் பாத்தாங்களான்னு கேட்டியா?" என்றான்.

"பொன்னாடைய மட்டும்தான் தொட்டாங்க. நீங்க வாங்க. வீட்டுக்கு வேணாம். முக்கொம்புகிட்ட நில்லுங்க. இந்தக் கும்பல் கண்ணுக்கு மறைஞ்சப்புறம் அப்பாகிட்டப் பேச முடியும். இங்க பேசினா அவர் எனக்கு அப்பா இல்ல, தலைவர்."

கார்த்திகையின் கடைசி ஞாயிறு. அம்மா மண்டபத்துக்கு எதிரில் வண்டி நின்றது. பேரவைக்காரர்கள் ஈர வேட்டியோடு நடுங்கிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பானெட்டுக்கு மாலை, அழகிரிக்கு அதைவிடப் பெரிய மாலை. அவர் பேசினார். காவிரியில் தொடங்கி, கரிகாலனைத் தொட்டு, தன்னிடம் முடித்தார். கதவைத் திறந்துவைத்து ஆரத்தி எடுத்தார்கள். ஆற்றுக்காற்று நேரே உள்ளே வந்தது. குழந்தை தும்மியது. வேலம்மாள் முந்தானையால் அதை மூடி, "போதும், கிளம்புங்க" என்றாள். கணவரிடம் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை என்பதால் அவர் அதைக் கவனிக்கவில்லை.

ஸ்டீபன்ராஜ் வண்டியை ஓட்டினான். அவன் பக்கத்தில் அழகிரி. நடுவில் வேலம்மாளும் குழந்தையோடு வைஷ்ணவியும். பின்னால் முறுக்கு டின்களுக்கும் வெள்ளிச் சாமானுக்கும் நடுவே, தொழில்நுட்ப ஆலோசகராக இருதயநாதன். கரூர் ரோட்டில் ஏறியதும் வாழைத்தோப்புகளின் மேல் பனி வெள்ளை வேட்டி உலர்த்தியது போலக் கிடந்தது. ஹீட்டர் முழு வேகத்தில் ஓடியது. அழகிரி முதலில் கைகளைத் தொடைக்கு அடியில் செருகினார். ஜீயபுரம் வருவதற்குள் மாலையைக் கழற்றிவிட்டு ஒரு பொன்னாடையைப் போர்த்திக்கொண்டார்.

"சூடு வருதில்ல?" என்றார், திரும்பாமல்.

"வந்துகிட்டே இருக்கு தலைவரே" என்றான் ஸ்டீபன்ராஜ். பல் தந்தியடித்தது.

"ஸ்டீபன் அண்ணே, முக்கொம்புல ஓரமா நிறுத்துங்க" என்றாள் வைஷ்ணவி.

அணைப் பாலத்துக்குப் போகிற வழியில் புளியமரத்தடியில் ஒரு சின்னக் கார் நின்றது. பழசு. ஒரு பக்கக் கதவு வேறு நிறம். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பிரதீப் இறங்கி வந்தான்.

அழகிரிக்கு முகம் சுருங்கியது. "நீங்க எங்க மாப்ள இங்க?"

"நான்தாம்பா வரச் சொன்னேன்" என்றாள் வைஷ்ணவி. "பாப்பாவ இந்த வண்டில மலையேத்த மாட்டேன். அவர் வண்டில போறோம். நீங்க பின்னாடியே சீரோட வாங்க. கொண்டு வந்து விட்டதாத்தான் கணக்கு."

"அந்தத் தகர டப்பாவுலயா? என் பேத்தியா?"

"அதுல சூடு வருதுப்பா."

"இதுலயும் வரும்! டேய் ஸ்டீபன், இறங்கு. எல்லார் முன்னாடியும் பாரு. என்னன்னு இங்கயே பாத்துச் சொல்லு."

"ரெண்டு குழாயையும் தொட்டுப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டாள் வைஷ்ணவி.

ஸ்டீபன்ராஜ் பானெட்டைத் திறந்தான். இரண்டு நாள் டேஷ்போர்டைப் பிரித்தவனுக்கு இது தோன்றவில்லை. ஒரு குழாயைத் தொட்டான், "ஆ!" என்று கையை உதறினான். மற்றதைத் தொட்டான், பிடித்துக்கொண்டே நின்றான்.

"போறது கொதிக்குது. வர்றது ஜில்லுன்னு இருக்கு. உள்ள போன சுடுதண்ணி திரும்பி வரலை தலைவரே. நடுவுல அடைச்சுக் கிடக்கு."

"நான் நெனச்சேன்" என்றார் இருதயநாதன் முறுக்கு டின்களுக்குள்ளிருந்து.

குழந்தையைச் சின்ன வண்டியின் கதகதப்பில் கிடத்திவிட்டு, இஞ்சின் ஆறும்வரை நின்றார்கள். பிறகு ஸ்டீபன்ராஜ் இரண்டு குழாய்களையும் உருவினான். பிரதீப்பின் வண்டியிலிருந்த காற்றடிக்கிற பம்பை ஒரு முனையில் பொருத்தி அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. அழகிரி குனிந்து மறுமுனையை உற்றுப் பார்த்தார்.

"இன்னும் அழுத்துடா."

அழுத்தினான். உள்ளே ஏதோ இளகியது. 'பொளக்' என்று செங்காவி நிறத்தில் ஒரு குழம்பு பீறிட்டு, தலைவரின் பொன்னாடை, சட்டை, வேட்டி எல்லாவற்றிலும் அப்பியது. வண்டல், அழுகின இலை, மஞ்சள் கரைந்த கசடு. பல ஆடிப்பெருக்கு அதில் இருந்தது. கடைசியாகச் சின்னதாக, கறுப்பாக ஒன்று உருண்டு வந்து அவர் செருப்புக்கு முன்னால் நின்றது.

வேலம்மாள் குனிந்து எடுத்தாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

கருகமணி.

கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

"ஏங்க, எங்க வீட்டுக்காரர் நல்லா இருக்கணும்னு வருஷா வருஷம் நாங்க ஆத்துல விடறது இது. பின்னாடியே வந்து குடத்துல அள்ளிட்டுப் போயி வண்டிக்கு ஊத்திருக்கீங்க. நான் வேண்டிக்கிட்டதெல்லாம் எங்க போயி அடைச்சிருக்கு பாத்தீங்களா?"

"இது வேற யாரோ விட்டதா இருக்கும்" என்றார் அழகிரி கசடைத் துடைத்தபடி.

"இருக்கட்டும். அவ புருஷனும் நல்லா இருக்கட்டும்."

மணியை அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சின்ன வண்டியில் ஏறி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ எங்க போற? சீர் இங்க இருக்கு!"

"சீருக்குச் சளி பிடிக்காது. நீங்க பாத்து எடுத்துட்டு வாங்க."

பிரதீப் சங்கடமாக நின்றான். "மாமா, இது முழுசா அலசணும். மேட்டுப்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச ஒர்க் ஷாப் இருக்கு. கரூர்ல கூலன்ட் வாங்கி ஊத்திக்கலாம். அதுவரைக்கும் என்கிட்ட ரெண்டு கேன் நல்ல தண்ணி இருக்கு, அத ஊத்திக்குங்க."

அழகிரி மருமகனைப் பார்த்தார். அந்தத் தகர டப்பாவைப் பார்த்தார். சாலையில் போகிறவர்கள் நின்று பார்ப்பதைப் பார்த்தார். மார்பில் வழிந்த வண்டலோடு நிமிர்ந்தார்.

"கேன் தண்ணியா? மாப்ள, கண்ணுக்கெதுக்க காவிரி ஓடுது."

சின்ன வண்டி கிளம்பியது. குளித்தலை தாண்டும்போது வேணி கதகதப்பில் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலம்மாள் சால்வையைத் தளர்த்திவிட்டாள். வைஷ்ணவியின் போன் சத்தம் கொடுத்தது. அப்பாவின் ஸ்டேட்டஸ். 'தடைகளைத் தகர்த்துக் காவிரித் தாயின் அருளோடு குன்னூர் நோக்கி'. வீடியோவில் அழகிரி முக்கொம்புப் படியில் இறங்கி, மழைத்தண்ணீர் கலந்து செக்கச்செவேலென்று ஓடும் ஆற்றில் பித்தளைக் குடத்தை அமிழ்த்தினார். சீருக்கு வைத்திருந்த குடம்.

"தலைவரே, இன்னும் கொஞ்சம் நிமிருங்க, மூஞ்சி தெரியல" என்றது ஸ்டீபன்ராஜின் குரல்.

"குடம் தெரியட்டும், குடம்!" என்றது இருதயநாதனின் குரல்.

"மாமா கிளம்பிட்டாரா?" என்று கேட்டான் பிரதீப்.

"இல்ல. மறுபடியும் மொள்றாரு."

வேலம்மாள் முன்னால் குனிந்து குமிழைப் பார்த்தாள். அதில் சிவப்புப் பக்கம்தான் தேய்ந்து வெளுத்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் திருப்பலாமா தம்பி?"

"திருப்புங்க அத்தை."

திருப்பினாள்.